முந்தி வந்த சத்தம்

முதலில் கிர்ஸ்டன் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மேடையில் இருந்த டிரம்காரன் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினான். அது இன்னும் அந்தரத்தில் நிற்கும்போதே ‘டப்’ என்ற அடி அவள் நெஞ்சில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் குச்சி தோலைத் தொட்டது. தொட்டபோது சத்தமே இல்லை.

கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பனியிலிருந்து உள்ளே வந்தவர்கள் எல்லோருமே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பழைய கூடம் அது. சுவரோரம் ஓடிய வெந்நீர்க் குழாய்கள் சீறிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடந்தன. நனைந்த கம்பளியின் வாசமும், காலையிலிருந்து கொதித்துக் கொதித்துக் கசந்துபோன காப்பியின் வாசமும், பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்குள் தூசி சூடாகிக் கருகும் வாசமும் ஒன்றாகக் கலந்து தாழ்ந்த கூரைக்குக் கீழே தேங்கி நின்றன. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல்களில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜனவரியில் டுலூத் நகரத்துக்கு அதற்கு மேல் வெளிச்சம் கிடைப்பதில்லை.

குடிக்கும் வயது வராத பிள்ளைகளும் வரலாம் என்பதால் மதிய நேரக் கச்சேரி. மது கிடையாது. பதினாறு வயது பிரிட்டா ஒரு வாரமாக இதையே பேசிக்கொண்டிருந்தாள். காரை நிறுத்தும்போதே அம்மாவுக்குக் கட்டளைகள் போட்டுவிட்டாள்.

“உள்ள வரணும்னா வா. ஆனா என் பக்கத்துல நிக்கக் கூடாது. என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட போய் சிரிக்கக் கூடாது. முக்கியமா, ஆடக் கூடாது.”

“ஆடினா என்ன பண்ணுவ?”

“நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்.”

“டூ ஹார்பர்ஸ்ல இருக்கற நம்ம வீடு வரைக்குமா? இந்தக் குளிர்ல மூக்கு உதிர்ந்துடும்டி.”

“உதிரட்டும். அது உன்கிட்டருந்து வந்த மூக்குதானே.”

கிர்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் பிரிட்டாவும் மட்டுமே இருக்கும் வீட்டில் இந்த மாதிரிப் பேச்சு இப்போதெல்லாம் அபூர்வம். அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பது கிர்ஸ்டனின் வேலை. இரவெல்லாம் தெரியாதவர்களின் அலறலைக் காதில் வாங்கிவிட்டுக் காலையில் அவள் வீடு திரும்பும்போது பிரிட்டா பள்ளிக்கூடம் போயிருப்பாள். இந்த மதியத்துக்காகவே கிர்ஸ்டன் தூக்கத்தை விட்டுக் கொடுத்திருந்தாள்.

பிரிட்டா பார்க்க வந்தது ‘ஸாரி கேரல்’ என்ற உள்ளூர் ராக் குழுவை. மேடையில் இருந்தது அவர்கள் இல்லை. கதவருகே எல்லோர் கையிலும் முத்திரை குத்திக்கொண்டிருந்த ஜூட் என்ற தாடிக்கார இளைஞன்தான் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவன். அவன் தோளை உயர்த்திக் காட்டினான்.

“அவங்க வண்டி பனியில வழுக்கி பள்ளத்துல இறங்கிடுச்சுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வர லேட்டாகும், அவ்வளவுதான்.”

“அப்ப இவங்க யாரு?”

“அதான் தெரியல. நான் கதவைத் திறந்தப்பவே உள்ள எல்லாத்தையும் அடுக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அங்க காப்பி மேஜையில நிக்கறாளே ஷெல்பி, அவ கூப்பிட்டிருப்பான்னு நான் நெனச்சேன். நான் கூப்பிட்டேன்னு ஷெல்பி நெனச்சாளாம்.” அவன் சிரித்தான். “நல்லா வாசிக்கறாங்க இல்ல?”

“குழுவோட பேரு?”

ஜூட்டின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “கேட்டேங்க. பாடறவ வாயைத் திறக்கறதுக்குள்ளயே காதுல விழுந்துட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் மறந்துபோச்சு.”

நான்கு பேர். பழுப்பு நிறக் கோட்டுகளைக் கழற்றாமலே வாசித்தார்கள். அந்தப் புழுக்கத்தில் பிள்ளைகள் எல்லாம் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வியர்த்து நின்றபோது, அவர்கள் நெற்றியில் ஒரு துளி ஈரம் இல்லை. கூடத்தில் இருந்த ஒவ்வொரு ஜோடி பூட்ஸுக்குக் கீழேயும் உருகிய பனி குட்டை கட்டியிருந்தது. அவர்களுடைய பூட்ஸ் காய்ந்திருந்தன. பாடகி ஒல்லியாக, சாம்பல் நிறத் தலைமுடியோடு, பேருந்து நிறுத்தத்தில் நின்றால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத மாதிரி இருந்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. ஊரை ஒட்டிய ஏரி உறையும் நாட்களில் கரையில் நின்றால் பனித் தகடுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு நீளமான சத்தம் போடும். கிட்டார்கள் அப்படித்தான் முனகின, மெதுவாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறி. முன்வரிசையில் பிரிட்டாவின் சிவப்புக் குல்லாய் அசைந்து அசைந்து ஆடியது. கிர்ஸ்டன் பின்சுவரில் சாய்ந்து நின்று, தன்னையும் அறியாமல் காலால் தாளம் தட்டினாள். அப்போதுதான் பாடகியின் உதடுகளைக் கவனித்தாள்.

சொல் முதலில் வந்தது. உதடு பிறகு அசைந்தது.

தூரத்தில் நின்று பார்த்தால் சத்தம் தாமதமாக வரும். மின்னல் வெட்டிய பிறகுதான் இடி. அது குழந்தைக்குக்கூடத் தெரியும். இடி இடித்த பிறகு மின்னல் வெட்டுவது எப்படி? தூக்கம் கெட்டுப்போன மூளை செய்யும் கோளாறு இது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்ணை மூடினால் எல்லாம் சரியாக இருந்தது. திறந்தால் சரியாக இல்லை. இடைவெளி முன்பைவிடக் கொஞ்சம் நீண்டிருந்தது.

காப்பி மேஜைக்குப் பின்னால் ஷெல்பி நின்றிருந்தாள். கிர்ஸ்டன் அவள் பக்கம் குனிந்தாள். “சத்தம் கொஞ்சம் முன்னாடியே வர்ற மாதிரி இல்ல உனக்கு?”

ஷெல்பி தன் காதில் இருந்த பஞ்சு அடைப்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

கிர்ஸ்டன் மேடை பக்கம் திரும்பினாள். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் பீங்கான் உடையும் சத்தம் கேட்டது. உடனே ஷெல்பியின் குரல்: “அடக் கடவுளே, என் புது பூட்ஸ்!”

திரும்பிப் பார்த்தாள்.

ஷெல்பி சாவதானமாகக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. மேஜை விளிம்பில் ஒரு நீலக் கோப்பை முழுசாக நின்றது. ஆவி பறந்தது. ஷெல்பி சர்க்கரை டப்பாவை எடுக்கக் கை நீட்டினாள். முழங்கை பட்டது. கோப்பை சாய்ந்து, உருண்டு, தரையில் விழுந்து சிதறியது.

சத்தமில்லாமல்.

ஒரு துணுக்கு கிர்ஸ்டனின் காலருகே வந்து சுழன்று நின்றது. ஷெல்பி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. எந்தெந்த வடிவத்தில் திறக்கும் என்பது கிர்ஸ்டனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அவள் கை தானாகவே சுவரைப் பிடித்துக்கொண்டது. வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபோனின் மறுமுனையில் என்ன நடந்தாலும் மூச்சை ஒரே சீராக வைத்துக்கொள்வாள். கேட்கிறதை மட்டும் வைத்து நடந்ததை மனதில் வரைந்துகொள்வாள். இது கண்ணாடி. இது துப்பாக்கி. இது மாடிப்படியில் உருண்ட ஆள். அங்கே அவளுக்குக் கேட்பதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்ததாக இருக்கும். அதில் ஒரு நிம்மதி உண்டு. நடந்ததை யாரும் தடுக்க முடியாது.

கைதட்டல் எழுந்தது. விசில். நூறு தொண்டைகளின் கூச்சல். அவள் பார்த்தாள்: பிள்ளைகள் யாரும் தட்டவில்லை. கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேடையில் நான்கு பேரும் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஊமையாக. பாடகியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குச்சிகள் ஏறின, இறங்கின. ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டல் மட்டும், யாரும் தட்டாத கைதட்டல், கூரையை நிரப்பி, மெல்ல ஓய்ந்தது.

ஓய்ந்த இடத்தில் ஒரு குரல் கேட்டது.

“பிரிட்டா!”

அவளுடைய குரல். கிழிந்துபோன குரல். ஃபோனில் எத்தனையோ அம்மாக்கள் அவளிடம் இப்படிக் கத்தியிருக்கிறார்கள். தன் தொண்டையிலிருந்து அது வந்து அவள் கேட்டதே இல்லை.

அவள் வாய் மூடியிருந்தது. பல்லைக் கடித்து மூடியிருந்தாள்.

மேடையில் பாடகி முதல்முறையாகத் தலையைத் திருப்பினாள். கூட்டத்தைத் தாண்டி, நேராகக் கிர்ஸ்டனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பகை இல்லை. பாவம் பார்ப்பது போல இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கத்தக் கூடாது என்று கிர்ஸ்டன் நினைத்தாள். கத்தாவிட்டால் அது நடக்காது. இரண்டு கையாலும் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். முதுகுகள், ஈர ஜாக்கெட்டுகள், சூடான மூச்சு. சிவப்புக் குல்லாய் தெரிந்தது. பக்கத்தில் ஒருவன் இன்னொருவன் தோள் மேல் ஏறிக்கொண்டிருந்தான். ஏறியவன் தடுமாறினான். சரிந்தான். அவன் முழங்கால் பட்டு சிவப்புக் குல்லாய் கீழே போனது. அதன் மேல் ஆட்கள். அதற்கும் மேல் ஆட்கள்.

கிர்ஸ்டனின் தொண்டை கிழிந்தது. சத்தம் வரவில்லை. அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

எப்படி இழுத்தாள் என்று தெரியாது. கையில் பிரிட்டாவின் சட்டைக் கழுத்து இருந்தது. உதட்டில் ரத்தம் இருந்தது. கண் திறந்திருந்தது. மகள் உயிரோடு இருந்தாள். கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்ட ஜூட்டைத் தாண்டி, பிரிட்டாவைப் படியில் இழுத்து இறக்கினாள்.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. காற்று முகத்தில் அறைந்தது. அறைந்த அதே நொடியில் அதன் சத்தமும் கேட்டது. அவள் காரின் கதவைத் திறந்து அறைந்து சாத்தினாள். மறுபடி திறந்து, மறுபடி அறைந்தாள். கதவு மூடும்போதுதான் சத்தம் வந்தது. இரண்டு தடவையும்.

“கதவு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் பிரிட்டா. உதடும் சொல்லும் ஒன்றாக அசைந்தன. கிர்ஸ்டன் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கார் கிளம்பி மலைச்சரிவில் இறங்கி, ஏரிக்கரைச் சாலைக்கு வரும்வரை பிரிட்டா ஒரு கைப்பிடிப் பனியை உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். பிறகு வெடித்தாள்.

“எல்லாரும் பாத்தாங்க, தெரியுமா? சும்மா விழுந்தேன். எந்திரிச்சிருப்பேன். என்னைக் கோழிக்குஞ்சு மாதிரி கழுத்தைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்த!”

“நீ விழறதுக்கு முன்னாடியே நான் கத்துனது எனக்குக் கேட்டுச்சு.”

“என்னது?”

“உனக்கு ஒண்ணுமே வித்தியாசமா தெரியலையா?”

“நான் கண்ணை மூடிட்டுத்தான் கேட்டேன்.” பிரிட்டா பனியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினாள். “அம்மா, நேத்து ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து நீ தூங்கவே இல்ல, இல்ல?”

“இல்ல.”

“எனக்காகவா?”

கிர்ஸ்டன் தலையசைத்தாள். பிரிட்டாவின் கை, பனி உருகிய ஈரத்தோடு, ஒரு நொடி அவள் முழங்கை மேல் வந்து உட்கார்ந்து, போய்விட்டது. போதும் என்றிருந்தது கிர்ஸ்டனுக்கு. ஹீட்டரின் வெதுவெதுப்பு காலில் ஏறியது. வலது பக்கம் ஏரி, வானத்தின் அதே நிறத்தில், எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தது. இடது பக்கம் பனி சுமந்த மரங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் சூப் சுட வைக்கலாம். சோபாவில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஏதாவது பார்க்கலாம். தூக்கம் இல்லாததுதான் காரணம். வேறு என்ன?

பிரிட்டா அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். அந்தக் குழுவின் பாட்டு. மெதுவாக, மூக்கால்.

“அதை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.”

“நான் பாடவே இல்லையே!”

கிர்ஸ்டன் திரும்பிப் பார்த்தாள். பிரிட்டா புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த சொல் இப்போதுதான் அவள் உதட்டில் அசைந்தது. பிறகு முகம் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். அவள் தொண்டை லேசாக ஏறி இறங்கத் தொடங்கியது.

பாடிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

கிர்ஸ்டன் சாலை பக்கம் திரும்பினாள். கால் ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எஞ்சின் அணையும் சத்தம் கேட்டது. சக்கரத்தின் கீழ் பனி நொறுங்கும் சத்தம் நின்றுபோனது. அதன் இடத்தில் வேறொன்று.

டிக். டிக். டிக். டிக்.

என்ன அது? கடிகாரமா? காருக்குள் கடிகாரம் இல்லை. டிக். டிக். காற்று. நீண்ட நேரம் வெறும் காற்று. பிறகு பிரிட்டாவின் குரல், மிக அருகில், மிக மென்மையாக:

“அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படாத. நான் வந்து…”

ஹாரன்.

கனரக லாரியின் ஹாரன், விடாமல். ஏர் பிரேக்கின் சீறல். தகரம். கண்ணாடி. கிர்ஸ்டனுக்கு அந்த ஒவ்வொரு சத்தமும் தெரியும். கடைசியில் வருவதுதான் அவளுக்கு நன்றாகத் தெரியும். லைன் துண்டாகாமல், ஆனால் யாரும் பேசாமல் இருக்கும் அந்த நேரம். ஹலோ, ஹலோ, கேக்குதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கும் நேரம்.

பிறகு ஒன்றுமே இல்லை. காற்றுகூட இல்லை.

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் சாலை காலி. முன்னால் காலி. பக்கத்தில் பிரிட்டா இருந்தாள், வாய் மூடி, முழுசாக. இன்னும் நடக்கவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது. சாலையில் இருந்தால்தானே? ஓடினால்தானே மோதும்? ஓரம்.

ஓரத்துக்குத் திருப்பினாள். வலது பக்கக் கதவு பனிக்குவியலில் உரசி நின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். கை தானாகப் போய் அபாய விளக்கின் பொத்தானை அழுத்தியது.

ஆரஞ்சு வெளிச்சம் பனியில் விழுந்தது. அணைந்தது. விழுந்தது. அணைந்தது. சத்தமில்லாமல்.

டிக். டிக். டிக்.

அதுதான். முன்பே கேட்ட சத்தம் இந்த விளக்கினுடையது.

அவளுக்குப் புரிந்தது. ஓடும் கார் இல்லை. நிற்கும் கார். இந்த இடம்.

சாவியைத் திருப்பினாள். விளக்குகள் நடுங்கின. எஞ்சின் பிடித்ததா இல்லையா என்று கேட்கவில்லை. மறுபடி திருப்பினாள். வண்டி அசையவில்லை. பிரிட்டாவின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் பக்கக் கதவைத் தள்ளினாள். பனி. திறக்கவில்லை. தன் பக்கம் திறந்தால் சாலை. பிரிட்டா பயந்துபோய் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் மெல்ல இளகியது. எதையோ சொல்வதற்கு இதுதான் நேரம் என்று முடிவு செய்த முகம்.

உதடுகள் பிரிந்தன.

அம்மா.

கண்ணாடியின் மூலையில், வளைவுக்கு அப்பால், பனிக்குள்ளிருந்து இரண்டு வெளிச்சங்கள் முளைத்தன.

கிர்ஸ்டன் பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். முழு பலத்தோடும். பேசாதே. பேசாதே. சொல்லி முடிக்காதே. பிரிட்டாவின் கண்கள் விரிந்தன. அவள் விலகவில்லை. பிஞ்சு வயதிலிருந்து தெரிந்த கை என்பதாலோ என்னவோ, தள்ளவும் இல்லை. கைக்குள்ளேயே பேசினாள். காயம்பட்ட அந்த உதடு உள்ளங்கையில் அசைந்தது, சூடாக, ஈரமாக, ஒவ்வொரு சொல்லாக.

உன்கிட்ட.

ஒண்ணு சொல்லணும்.

வெளிச்சம் கண்ணாடி முழுவதும் நிறைந்தது. காருக்குள் பிரிட்டாவின் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

கோபப்படாத.

கிர்ஸ்டன் இன்னும் இறுக்கமாக அழுத்தினாள்.

நான்.